கழுத்தில் சிவப்பு அட்டை

தொடை வழியே குழாய் விட்டு என் இதயத்தில் புது வால்வு வைத்தார்கள். மறுநாளே துடிப்பு தடுமாறியது. வால்வை ஒட்டிய மின்பாதை நசுங்கிவிட்டதாம், பேஸ்மேக்கரும் வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வெல்டிங் பக்கம் தவிர மற்ற வேலை பார்க்கலாம் என்ற டாக்டர் சீட்டோடு ஒரகடம் கம்பெனிக்குப் போனேன். நான் அங்கே எலக்ட்ரீஷியன். சூப்பர்வைசர் சீட்டைப் பிரிக்கக்கூட இல்லை.

“இன்னாத்துக்குண்ணே ரிஸ்க்கு? வூட்லயே இருங்க.”

பழுதான மெஷினில் மாட்டும் சிவப்பு அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

“பம்பிங் நல்லா கீது தம்பி. ஒயர்தான் போச்சு, வேற ஒயரும் இழுத்தாச்சு. இதுக்குப் போய் எந்த மெஷினையாவது ஸ்கிராப்புல போட்டிருக்கியா?”

அவர் பதறி, அட்டையைக் கழற்றக் கை நீட்டினார்.

“கைய எடு. மாட்டினவன்தான் கழட்டணும். கம்பெனி ரூலு.”

நானே கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு, டெஸ்டரோடு உள்ளே போனேன்.