பாதியில் நின்ற நாலு எழுத்து

1998 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். வாரத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போட உட்கார்ந்தேன். மூன்றாவது சட்டையின் காலரில் இருந்தபோது வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை சரோஜாவின் கணவர், சுப்புராஜ். ராஜபாளையத்தில் சின்னதாக ஒரு பேண்டேஜ் யூனிட் நடத்துகிறார். அதற்கு முன் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். கையில் ஒரு பொட்டலம். சுற்றிலும் பஞ்சு, அதன்மேல் காயத்துக்குச் சுற்றும் காஸ் துணி, நுனியில் பிளாஸ்திரி. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாராம். பக்கத்து சீட்டு அம்மா, யாருக்கு என்ன அடி என்று விசாரித்திருக்கிறார்.

உள்ளே இருந்தது அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்!

நான் வாங்கும் பத்திரிகையோடு அந்த மாதம் லினக்ஸ் சிடி இலவசமாக வந்திருந்தது. யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்து எழுதி, சும்மா கொடுக்கிற சிஸ்டம். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? எனக்கும் ஆசை, அவருக்கும் ஆசை. ஆனால் அவர் மெஷினில் சிடி டிரைவ் கிடையாது. எங்கள் ஊர் மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஜெபராஜிடம் இருக்கிறது.

மெஷினையே தூக்கி வந்திருக்கலாமே என்றேன்.

“மில்லுல மெஷினயா தூக்கிட்டு அலைவோம் மச்சான்? பார்ட்டக் கழத்திட்டுப் போயி, வேலையப் பாத்துட்டு வந்து மாட்டுவோம்.”

நியாயமாகத்தான் பட்டது.

ஜெபராஜ் சர்ச் முடிந்து வந்து சென்டரைத் திறந்தார். தன் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எங்களுடையதை மாட்டினார். காலியாகக் கிடந்த பகுதியில் லினக்ஸை ஏற்றினோம். அவசரத்துக்கு லினக்ஸைக் கிளப்ப இருக்கட்டும் என்று அது கேட்டபடி ஒரு ஃபிளாப்பியும் தயார் செய்தோம். அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். கறுப்புத் திரையில் நாலு எழுத்து... எல், ஐ, எல், ஓ. அடுத்து லினக்ஸ். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

டிஸ்க்குக்கு மறுபடி பேண்டேஜ். மறுபடி பஸ்.

ராஜபாளையத்தில் சரோஜா வாசலிலேயே நின்றிருந்தாள். மார்க்கெட் போய்த் திரும்பியவள், மூடி கழன்று கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறாள். பேண்டேஜ் பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அடிக்கிற புரோகிராம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. திங்கள் காலை தூத்துக்குடிக்கு லாரி. பேட்ச் நம்பர் லேபிள் இல்லாத பெட்டி துறைமுகத்துக்குள் நுழையாது. கப்பலை விட்டால் அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். அந்த ஆர்டரைக் கடிதம் மேல் கடிதம் போட்டுப் பிடித்தவள் அவள்.

டிஸ்க்கை மாட்டி சுவிட்சைப் போட்டோம். எல்... ஐ...

அவ்வளவுதான். அடுத்த எழுத்து வரவே இல்லை. லினக்ஸும் இல்லை, லேபிளும் இல்லை.

மாப்பிள்ளை கேபிளைப் பிடுங்கி மாட்டினார். பஞ்சுத் தூசியாக இருக்கும் என்று ஊதினார். வோல்டேஜைக் குறை சொன்னார். மறுபடியும் எல், ஐ. சரோஜா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பார்த்தாள்.

“ஊரு ஒலகத்துக்கே கட்டுப் போடுத ஆளு, நல்லாருந்த மெஷினுக்குக் கட்டுப் போட்டுக் கொண்டாந்து நிக்கீகளே. அண்ணே, அவியளத்தான் விடுங்க, ஒங்களுக்குமா புத்தி போச்சு?”

தெருமுனை பூத்துக்குப் போய் ஜெபராஜுக்குப் போன் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “இங்க நல்லாத்தான சார் வந்துச்சு?”

திரும்பி நடக்கும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. அங்கே வந்தது, இங்கே வரவில்லை. டிஸ்க் அதேதான். மாறியது என்ன? மெஷின் மட்டும்தானே!

அந்த நாலு எழுத்தைப் பற்றிச் சென்டரிலேயே படித்திருந்தேன். மெஷின் விழித்ததும் முதலில் ஓடுகிற குட்டிப் புரோகிராமின் பெயர் அது. ஒவ்வொரு படியாக ஏறும்போது ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டுக்கொண்டே போகும். ஆக, டிஸ்க் செத்துப்போகவில்லை. பாதி வழி வந்து, மீதி வழி தெரியாமல் நிற்கிறது.

ஏன் தெரியவில்லை? அந்தக் குட்டிப் புரோகிராமுக்கு ஃபைலின் பெயர் தெரியாது. டிஸ்க்கில் எந்த இடம் என்று மட்டும்தான் குறித்து வைத்திருக்கும். அந்த இடத்தை எண்ணுகிற கணக்கு மெஷினுக்கு மெஷின் வேறுபடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, நேரே போய் மூன்றாவது சந்தில் திரும்பு என்று வழி எழுதிக்கொண்டு, ராஜபாளையத்தில் இறங்கி மூன்றாவது சந்தைத் தேடினால் எப்படி?

செட்டிங் திரையைத் திறந்து பார்த்தேன். டிஸ்க்கின் கணக்கு இங்கே வேறு மாதிரிதான் இருந்தது. இருவருக்கும் விஷயத்தை விளக்கினேன்.

“அப்ப இங்கன வச்சு மறுபடி எழுதணும்கிறீக,” என்றார் மாப்பிள்ளை.

“எழுதுததுக்கு முன்னால எம் புரோகிராம் இருக்கா, போச்சா? அதச் சொல்லுங்க மொதல்ல,” என்றாள் சரோஜா.

ஃபிளாப்பியைச் செருகினேன். அது கரகரவென்று வெகுநேரம் ஓடியது... லினக்ஸ் வந்தது. ‘லிலோ’ என்று அந்தக் குட்டிப் புரோகிராமின் பெயரையே தட்டி என்டரை அழுத்தினேன். இந்த மெஷினின் கணக்குப்படி வழியைப் புதிதாக எழுதிக்கொண்டது. ஃபிளாப்பியை எடுத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டேன்.

எல். ஐ. எல். ஓ.

பழைய சிஸ்டத்தின் பெயரை, ‘டாஸ்’ என்று தட்டினேன். சரோஜாவின் பழைய திரை வந்தது. அவள் என்னை நகரச் சொல்லிவிட்டு ஒரே ஒரு லேபிள் அடித்தாள். கிழித்து, வெளிச்சத்தில் பிடித்து, பேட்ச் நம்பரைச் சரிபார்த்தாள். அப்புறம்தான் எங்களுக்குக் காபி வந்தது.

கையிலேயே இருந்த பொருள், ஒரு பைட் கூட அழியாத பொருள், கிடைக்காமல் போயிருந்தது. நின்ற இடம் மாறியதால் மட்டும்! நாமும் இப்படி எத்தனை விஷயங்களை, இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்?

கடைசி பஸ் போய்விட்டதால் அங்கேயே தங்கினேன். படுக்கப் போகுமுன் சரோஜா ஒரு கேள்வி கேட்டாள். எதுவும் தட்டாமல் விட்டால் எது வரும்? லினக்ஸ்தான் வரும் என்றேன்.

“அதெப்படி? நான் சுவிட்சப் போட்டுட்டு அடுப்பப் பாத்துட்டு வாரதுக்குள்ள ஒங்க ஆளு வந்து உக்காந்துக்கிடுவானா? லாரிக்காரன் வெளிய நிப்பான். ஒண்ணுந் தட்டலன்னா எம் புரோகிராம்தான் வரணும்.”

திங்கள் காலை, எழுந்ததும் முதல் வேலையாக, ஒன்றும் தட்டாவிட்டால் எது வரவேண்டும் என்று லிலோவுக்குச் சொல்கிற அந்த ஒரு வரியை மாற்றினேன். பல் துலக்கியது அதற்குப் பிறகுதான்.