ஒலிபெருக்கிக்கு மாறிய சன்னாசி

வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் துப்பாக்கியோடு காவல் நின்றவர் சன்னாசி. அவர் சுட்ட குண்டு ஒரு மரத்தைத் துளைத்து, அடுத்த மரத்தையும் துளைத்து, கங்காணியின் சோற்றுத் தூக்கில் போய் உட்கார்ந்ததாகத் தோட்டமே சொல்லும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அதே சன்னாசியை ஒலிபெருக்கி வேனில் உட்கார வைத்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பேசியே வெளியே வரவழைக்க வேண்டுமாம்.

"பேசி ஜெயிக்கிறதா? நம்ம வீட்லயே நடக்காதுலா," என்றார் மனைவி ராக்காயியிடம்.

அவள் சிரிக்கவில்லை. காட்டுக்குள் போனவர்களில் அவள் தம்பி மாயாண்டியும் ஒருவன். சனிக்கிழமை ராணுவம் உள்ளே நுழையப் போகிறது. அதற்குள் வந்தால்தான் அவனுக்கு உயிர்.

வியாழக்கிழமை ராணுவ அதிகாரி, மைக்கில் வாசிக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். 'மாயாண்டி, சரணடைந்தால் சுடமாட்டோம். உன் தாயார் கண்ணீர் வடிக்கிறார்.'

சன்னாசி அதை இரண்டு முறை படித்தார். மாயாண்டியின் தாய் செத்துப் பதினைந்து வருஷம். இரண்டாவது வரி பொய்யென்றால் முதல் வரியை எவன் நம்புவான்? துப்பாக்கிக் குண்டு, ஆள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் பாயும். இந்தச் சண்டையிலோ எதிராளி நம்பினால்தான் அடியே விழும்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று காலை வீட்டில் நிஜமாகவே நடந்ததை மைக்கில் சொன்னார்.

"மாயாண்டி, மாமா பேசுறேன். ஒன் சேவல் பக்கத்து வீட்டுக் கத்திரிச் செடியெல்லாம் கொத்திருச்சு. ஞாயித்துக்கிழம கொழம்பு வச்சிருவேன்னு ஒங்கக்கா கத்தியத் தீட்டுறா. அவளப் பத்தி ஒனக்குத் தெரியும்லா. கைய மேல தூக்கிக்கிட்டு வா. யாரும் சுட மாட்டாங்க, நான் முன்னால நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மாலை ரப்பர் மரங்களுக்கிடையே இரண்டு கைகள் தெரிந்தன. சன்னாசி ஓடிப்போய் அவனுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே நின்றார்.

"அறுத்துட்டாளா மாமா?"

"இன்னும் இல்லடா."

செய்தி கேட்டு ஓடிவந்த ராக்காயி தம்பியைக் கட்டிக்கொண்டாள். பிறகு வேனருகே நிறுத்தி வைத்துத் திட்டத் தொடங்கினாள்.

"பத்து மாசமா ஒரு கடுதாசி போட நேரமில்லியா தொரைக்கு? காட்டுல என்ன, ஆபீஸ் வேலையா பாத்த?"

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. முப்பது மைலுக்கு அப்பால் பாகான் செராய் வயல்களில் கொக்குகள் எழுந்து பறந்தனவாம்.

சனிக்கிழமை விடியும்போது இன்னும் இரண்டு பேர் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதை நம்பி வந்தீர்கள் என்று கேட்டு அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார்.

"மாயாண்டி வெளிய போனதும், வெடிச்சத்தம் வருதான்னு காது குடுத்துக்கிட்டே இருந்தோம்," என்றான் ஒருவன். "அந்தக்கா திட்டுற சத்தந்தான் வந்துச்சு."