பள்ளிக்கூட வாசலில் நின்ற அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பது உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையை ஏன் விட்டார் என்பது சிலருக்கே தெரியும். தம்பியாகிய நான் அதை எழுதியாக வேண்டும்.

அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபோது எனக்குப் பத்து வயது. அக்கா திருவண்ணாமலையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து என்னையும் அம்மாவையும் காப்பாற்றினார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் நடுவில் கடுமையான காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்தார், ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் கவனித்துவிட்டதை அறிந்ததும், "யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றார். காது மந்தமாகிக்கொண்டே வந்ததை நாலு மாதம் மறைத்தார். ஒரு நாள் மனைவியின் பிரசவத்துக்காக ஒருவர் டாக்டர் வீட்டு எண்ணைக் கேட்டார். மூன்று முறை சொல்லியும் அக்காவுக்கு விளங்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்தான் இணைப்புக் கொடுத்தார். தாயும் பிள்ளையும் நலம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே அக்கா சாப்பிட்டார். மறுநாள் உண்மையைச் சொல்லி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

பல மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். எதிரே கற்பூரக் கடை வைத்திருந்தவரின் மகள் கஸ்தூரிக்குப் பிறவியிலேயே காது கேளாது. ஏழு வயதாகியும் பள்ளியில் சேர்க்கவில்லை. வருகிறவர்களின் உதட்டைப் பார்த்தே அவள் பொருளை எடுத்துக் கொடுப்பதை அக்கா ஒரு நாள் கண்டார். அவரும் அப்போது எங்களை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். மறுநாளே சிலேட்டோடு போய் அவளுக்கு எழுத்தும் பேச்சும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

ஓராண்டு கழித்து அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனபோது தலைமை ஆசிரியர் தயங்கினார். "மூணு மாசம் பாக்கறேம்மா. சரிப்படலைன்னா நிறுத்திடுவேன்" என்றார். அந்த மூன்று மாதமும் அக்கா சரியாகத் தூங்கவில்லை. தினமும் உடன் போய் வகுப்பில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எனக்கு வேறு பயம். லாரி ஹாரன் அடித்தால் இருவருக்குமே கேட்காது. பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் கூட்டமும் வண்டிகளும் வேறு. அவர்களுக்குத் தெரியாமல் சைக்கிளில் பின்னாலேயே போவேன். ஒரு நாள் அக்கா நின்று திரும்பினார்.

"நீ பின்னாடி வர்றது தெரியும்டா. எனக்காக வராத. வர்றதா இருந்தா அவ கையைப் புடிச்சிக்க."

கஸ்தூரி பரீட்சையில் தேறினாள். பிறகு மலைக்கு அந்தப் பக்கம் வேங்கிக்காலிலிருந்துகூடப் பெற்றோர்கள் காது கேளாத பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் அக்கா ஏதாவதொரு பள்ளி வாசலில் அதே கலக்கத்தோடு நின்றார். ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டால் அதோடு விடமாட்டார். அடுத்த நாள் மறுபடி போவார்.

சென்ற ஆண்டு நோயில் படுத்தபோது இரண்டு பிள்ளைகளுக்கு இன்னும் இடம் கிடைத்திருக்கவில்லை. "சேத்துக்கிட்டாங்களா?" என்பதே என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது.

காரியம் முடிந்த வாரம் அந்தப் பிள்ளைகளோடு நானும் கஸ்தூரியும் போனோம். புதிய தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்து, இனிமேல் பிள்ளைகளோடு இருந்து சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"நான் இருக்கேன் சார்" என்றாள், அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி.

இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இறங்கும் இடம் வந்ததும் இருக்கைக்கே வந்து சைகை காட்டிய பஸ் கண்டக்டர்களுக்கும், முதலில் இடம் கொடுத்த தலைமை ஆசிரியருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. கஸ்தூரிக்கும்தான். அவள் இன்றைக்கும் வகுப்பில் இருப்பதால் இந்த நினைவு நாளுக்கு வர முடியவில்லை.