மலை இருந்த இடத்தில் ஒரு கல்

காலை 5.50. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் நானும் என் அண்ணியும் திண்டிவனம் வண்டியில் ஏறினோம். முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பது ரூபாய். அண்ணன் இறந்து அன்றோடு பதினைந்து நாள். மறுநாள் கருமாதி. கோலியனூர் ஏரிக்கரையில் அவர் பேரில் ஒரு கல்லை நட்டு, குளிப்பாட்டி, படையல் போட்டு, பிறகு தண்ணீரில் விட வேண்டும். எந்தக் கல்லானாலும் சரி என்றார்கள் பங்காளிகள். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவர் உடைத்த மலையிலிருந்துதான் கல் வர வேண்டும் என்றுவிட்டார். புருஷனை இழந்தவள் கருமாதிக்கு முன்னால் வாசல் தாண்டக் கூடாது என்று முறைத்தவர்களிடம் நான் பேசிக்கொண்டேன். வேறு எதற்கும் உதவாத தம்பி இதற்காவது உதவினேன்.

6.30. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பாறைக் குன்றுகள் தெரிந்தன. நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவன். பூமியின் மேலோடு தட்டுத் தட்டாகப் பிரிந்திருக்கிறது, நகம் வளரும் வேகத்தில் அவை நகர்கின்றன, இரண்டு மோதினால் நிலம் மடிந்து மலை எழும்புகிறது என்று வருஷாவருஷம் சொல்கிறேன். இமயமலை அப்படி எழுந்தது, இன்னும் எழுகிறது. எங்கள் பக்கத்துக் குன்றுகளோ மிகப் பழைய மலைகளின் அடிவேர். பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் இறுகியவை. மேலே இருந்த மலையை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கரைத்தன, அடியில் கிடந்தது மேலே வந்தது. பிறகு அண்டார்டிகா நம் கிழக்குக் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. இடையில் கடல் புகுந்தது. இதே வகைக் கருங்கல் அங்கே பனிக்கடியில் கிடக்கிறது. இவ்வளவும் தெரிந்த நான், ஒரு நாள்கூட அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னதில்லை.

7.15. திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு, பிரம்மதேசம் போகிற சாலையில் ஆட்டோ பேசினோம். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முந்நூறு ரூபாய். மலையின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“எந்த மலைங்க? அதான் தீந்து போச்சே.”

7.50. அவர் சொன்னது நிஜம். மலை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. நாலு பனை ஆழம் இருக்கும், அடியில் பச்சைத் தண்ணீர். குவாரியை மூடி முள்கம்பி போட்டிருந்தார்கள். காவலாளி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். உள்ளே விட முடியாது என்றார். அண்ணி, அண்ணன் பேரைச் சொன்னார்.

“சேகர் வூட்டுக்காரம்மாவா? நானும் அவனும் ஒண்ணாத்தான் தமர் போட்டுக்கினு இருந்தோம்” என்றபடி கதவைத் திறந்துவிட்டார்.

வெடி வைக்கப் பாறையில் துளை போடுவதுதான் தமர். அந்தத் தூசியைத்தான் அண்ணன் இத்தனை வருஷமும் மூச்சில் இழுத்தார். காவலாளி எங்களை மேலேயே நிற்கச் சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி, இரண்டு கை அகலத்துக்கு ஒரு கல்லோடு ஏறி வந்தார். அதன் ஒரு பக்கத்தில் பாதித் துளை வாய்க்கால் மாதிரி ஓடியது. அது யார் போட்ட துளை என்று யாருக்கும் தெரியாது, சேகர் போட்டதென்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஏறி வந்ததில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த இருமல். கம்பியைப் பிடித்து நின்று, சட்டைப்பையிலிருந்து வெல்லக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வெல்லம் தின்றால் தூசி நெஞ்சில் தங்காது, வயிற்றுக்குப் போய்விடும் என்பது குவாரிக்காரர்கள் நம்பிக்கை. மாதம் ஒரு கிலோ வெல்லம் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அதில் பெருமை வேறு. நெஞ்சு முழுக்கக் கல்தூசி, கூட்டிவர ஏன் இவ்வளவு தாமதம் என்று கடைசியில் டாக்டர் என்னைத்தான் கேட்டார். பாறையின் வயதைப் பாடமாக நடத்தியவன், கூடப் பிறந்தவனின் நுரையீரலைப் பற்றி ஒன்றும் தெரிந்து வைத்திருக்கவில்லை. அந்த வெட்கம் இனி என்னோடுதான் இருக்கும்.

வெல்லத்தால் ஒன்றும் ஆகாது, அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், நானே கூட வருகிறேன் என்று காவலாளியிடம் சொன்னேன்.

“தெரியுங்க. சேகர் போனப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனா இது வாயில இல்லாட்டி பயமா இருக்குது” என்றார்.

திங்கட்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டார். என் எண்ணை அவர் போனில் நானே ஏற்றினேன்.

9.40. திண்டிவனத்திலிருந்து திரும்பும் வண்டி. கல்லைத் துண்டில் சுற்றி அண்ணி மடியில் வைத்திருந்தார். இந்தக் கல்லுக்கு என்ன வயது தம்பி என்று கேட்டார். இருநூற்றைம்பது கோடி ஆண்டு இருக்கும் என்றேன்.

“அவருக்கு நாப்பத்தாறு” என்றார்.

நடத்துநர் வந்தார். மடியிலிருந்த சுமையைப் பார்த்து, இன்னாம்மா அது, லக்கேஜா என்று கேட்டார்.

“எங்க வூட்டுக்காரரு” என்றார் அண்ணி.

நடத்துநர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு விழுப்புரம் என்றேன்.