றோலிகேக் குடிநீர்

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் சைக்கிள் பாதையோரம் கோடையில் ஒரு வெள்ளைப் பூ பூக்கும். கரட் இலைபோலப் பொடிப்பொடியாய் இலை. கசக்கினால் மருந்து வாசம். டேனிஷ்காரர் அதை றோலிகே என்பார்கள். தையல் தொழிற்சாலைக்குப் போகவர அதை எத்தனையோ வருஷம் மிதித்திருக்கிறேன். அப்போது பெயர்கூடத் தெரியாது.

ஒரு கோடையில் என் கணவர் நியூமோனியாவில் படுத்து எழும்பியிருந்தார். காய்ச்சல் போய்விட்டது, பசி மட்டும் திரும்பவில்லை. சோறு, மீன் சொதி, புட்டு எல்லாம் மேசையிலேயே ஆறிப்போகும். இன்னும் மெலிந்தால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பக்கத்து மெஷினில் தைத்த டேனிஷ்காரியிடம் சொல்லி அழுதே விட்டேன். அவள் மறுநாள் ஒரு கட்டு றோலிகே கொண்டுவந்தாள். முந்தி அவர்கள் வெட்டுக்காயத்துக்கு இதன் இலையைக் கசக்கி வைப்பார்களாம். பூவைச் சாராயத்தில் ஊறவைத்து, பசி எடுக்கவென்று சாப்பாட்டுக்கு முன் ஒரு மிடறு குடிப்பார்களாம். இவரோ மாதாவுக்கு நேர்ந்து சாராயத்தை விட்டவர் என்றேன். அப்படியென்றால் சுடுதண்ணீரில் போட்டுக் கொடு என்றாள்.

சுடுதண்ணீரில் போடுவதென்றால் எங்களுக்குக் குடிநீர்தானே, ஊரில் காய்ச்சலுக்கு வற்றக் காய்ச்சும் கஷாயம்! முழுக் கட்டையும் சட்டியில் போட்டு, மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் தட்டிப் போட்டு, தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை காய்ச்சினேன். தேத்தண்ணிபோலக் கொஞ்ச நேரம் ஊறவைத்து வடிப்பதுதான் அவர்கள் முறையென்று பிறகுதான் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இழுவையில குடியுங்கோ."

குடித்தார். முகம் அஷ்டகோணலானது. வாரக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்த மனுஷன் வீடு அதிர ஏசினார்.

"என்னைக் கொல்லவோ பாக்கிறீர்? வாயெல்லாம் கசக்குது. அந்தச் சோத்தில கொஞ்சம் தாரும், கெதியா!"

சோற்றில் சொதியை விட்டுக் கொடுத்தேன். கசப்புப் போகவென்று ஒரு வாய். பிறகு இன்னொரு வாய். ஏசி ஏசியே சோற்றுக் கோப்பையை வழித்து முடித்தார். பூவின் வேலையோ, என் பிழையின் வேலையோ, யாருக்குத் தெரியும்? அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். இப்போது எனக்குத்தான் பசிப்பதில்லை. பூவைப் பிடுங்கிவந்து, என் முறைப்படியே வற்றக் காய்ச்சிக் குடிக்கிறேன். சரியான கசப்பு. நான் யாரை ஏசுவது?