இடப்பக்கம் வேலை செய்யாத ஹெட்செட்

கனடாவில் இருக்கும் என் அண்ணன் ஊருக்கு வந்தபோது தன் பழைய கேம் கொன்சோலை எங்கள் கோப்பாய் வீட்டில் விட்டுப்போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே அணியில் நின்று சுடுவது வழக்கமாகிவிட்டது. நாற்பது தாண்டியவள் துவக்கோடு ஓடுகிறாள் என்று என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். எனக்கிருந்த எரிச்சல் வேறு. இடப்பக்கத்தால் வருகிறவன் ஒவ்வொரு தடவையும் என்னைச் சுட்டுவிடுவான்.

"உனக்குக் காலடிச் சத்தம் கேக்கேல்லையே? ரீவியை நம்பாமல் மலிவா ஒரு ஹெட்செட் வாங்கு" என்றார் அண்ணன்.

கணவரோடு யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போனேன். வயர் இல்லாதவற்றின் விலையைக் கேட்டதும் அவற்றை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். கொன்ரோலரில் நேரே செருகும் வயரும், கதைக்க ஒரு மைக்கும், காதை நசுக்காத பஞ்சும் இருந்தால் எனக்குப் போதும். கடைக்காரர் ஒன்றை மாட்டிவிட்டு, தன் கைப்பேசியில் கோயில் மேளச்சமா ஒன்றை ஓடவிட்டார். வலப்பக்கம் தவில் பிளந்து கட்டியது. இடப்பக்கம் சத்தமே இல்லை.

"இது பழுது. வேறை தாங்கோ."

அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படியே இருந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. மலிவுச் சாமான் என்றால் பாதிதான் வேலை செய்யுமா என்று கடை அதிரக் கேட்டேன். பாவம், அந்த மனிதர் அதை வாங்கித் தன் காதில் மாட்டிப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குது அக்கா. ஒருக்கா மாறிப் போட்டுப் பாருங்கோ."

மாற்றிப் போட்டேன். பழுது என்று நான் சத்தம் போட்ட பக்கம் இப்போது என் வலக்காதில் முழங்கியது. இதுவரை முழங்கிய பக்கம் இடக்காதில் செத்துக் கிடந்தது.

பாம்புக் காது என்று அம்மா சொல்லுகிற காது என்னுடையது. அடுத்த வளவில் கதைப்பதுகூடக் கேட்கும். தொலைபேசியை எப்போதும் வலப்பக்கம் வைப்பது ஏனென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யார்தான் யோசிப்பார்கள்?

"இஞ்சேருங்கோ, எனக்கு இந்தக் காது கேக்கேல்லையப்பா" என்று கணவரைப் பிடித்து உலுக்கினேன்.

"ஓம், தெரியும்தானே" என்றார், சாதாரணமாக. "கலியாணம் கட்டின புதுசிலேயே தெரியும். உந்தப் பக்கம் நிண்டு கூப்பிட்டால் நீர் திரும்பமாட்டீர்."

"பிறகேன் சொல்லேல்லை?"

அவர் கடைக்காரரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கலியாணம் பேசேக்கை உங்கடை வீட்டிலை மறைச்சுப்போட்டினம் எண்டு நினைச்சன். கேட்டால் உமக்கு வெக்கமா இருக்கும் எண்டுதான் விட்டனான்."

காது கேட்காததைவிட இதுதான் என்னைப் போட்டு அடித்தது. பெண்ணின் குறையை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்பது எங்கள் பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் வாசல் மிதிக்காமல் போகக்கூடிய குற்றம். சிறுவயதில் எனக்கு இழுப்பு இருந்ததைக்கூட முதல்நாளே மாப்பிள்ளை வீட்டில் சொன்னவர் என் அப்பா. என் கணவர் மனதில் அந்த அப்பா இவ்வளவு காலமும் கள்ளனாக இருந்திருக்கிறார். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது.

"அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது! இப்பதான், இந்தக் கடையிலைதான் எனக்கே தெரியுது!"

அவர் அங்கிருந்த பிளாஸ்ரிக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப மாமா மறைக்கேல்லையோ?" என்றார். "சாகும்வரைக்கும் அந்த மனுசனோடை நான் முகம் குடுத்துக் கதைக்கேல்லையேயப்பா."