அண்ணா விட்டுப்போன சீற்றோடு நியூஃபவுண்லாந்துக் கிரவல் பாதைகளில்

போன ஓகஸ்டில் நானும் மச்சாளும் நியூஃபவுண்லாந்துத் தீவில் ஒரு கார் ஓட்டத்துக்குப் போனோம். வேகப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். தந்த வழிக்குறிப்பைப் பார்த்துக் காட்டுப் பாதைகளில் ஐந்து நாள் ஓடி, ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போய்விடும். பெயர் பதிந்தது அண்ணா. மாசியில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். மச்சாள் அவருடைய மனைவி. ஆண்டுத்திவசம்கூட முடியவில்லை, அதற்குள் ஊர்சுற்றப் போகிறாளாம் என்று சொந்தங்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மச்சாளுக்கும் சேர்த்து நானே நாலு வார்த்தை சொல்லிவிட்டேன்.

பிக்கரிங்கில் அவர் வீட்டிலிருந்து விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். நோவா ஸ்கோஷியாவில் கப்பல் ஏறும் துறைமுகம் ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர். வழியில் இரண்டு இரவு தங்கினோம். கப்பலில் ஏழு மணித்தியாலம். வாகனத்துக்கான இடத்தைச் சில மாதங்கள் முன்னரே பதிந்துவிடுங்கள், கோடையில் கிடைக்காது.

வண்டி அண்ணாவின் பழைய ஜீப். எனக்குக் கியர் வண்டி ஓடத் தெரியாததால் முழு வழியும் மச்சாளே ஓடினார். அண்ணா இருந்தபோது அவர் ஓட, பக்கத்திலிருந்து வழி சொன்னது மச்சாள்தான். இப்போது அந்த வேலை எனக்கு. அண்ணா ஆறடி. மச்சாள் என் தோளுக்குத்தான் வருவார். ஓடுகிறவர் இருக்கும் சீற் அண்ணா கடைசியாக விட்ட இடத்திலேயே, நன்றாகப் பின்னுக்கு, இருந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை கொடுத்து, நுனியில் இருந்தபடி ஓடினார். இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சீற் அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

நெடுஞ்சாலையில் பிரச்சினை ஒன்றும் வரவில்லை. தீவில் மூன்றாம் நாள் வந்தது. பழைய மரம்வெட்டும் பாதை, இரவு பெய்த மழை, கண்ணை மறைக்கும் பனிப்புகார். செங்குத்தான இறக்கத்தின் அடியில் கைப்பிடி இல்லாத ஒரு மரப்பாலம், கீழே ஆறு. ஜீப் குலுங்கியதில் தலையணை நழுவ, மச்சாளின் கால் பிரேக்கை விட்டுப்போய்விட்டது. நான் கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி பக்கவாட்டில் வழுக்கி, பாலத்துக்கு ஒரு வண்டி நீளம் முன்னால் நின்றது.

பின்னால் வந்த காரை முந்திப் போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு வந்து, "மச்சாள், கால் எட்டேல்லை. சீற்றை முன்னுக்கு இழுங்கோ" என்றேன்.

அவர் ஸ்ரியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இழுத்தா, இனி அவர் விட்ட இடம் எதெண்டு தெரியாது."

அடியில் பேனையால் ஒரு கோடு போட்டுவைப்போமா என்று கேட்டேன்.

"வேண்டாம். இனி அவர் வந்து இருக்கப்போறேல்லை." அண்ணா செத்து ஆறு மாதத்தில் அதை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். "நீர் இழும். எனக்குக் கை வருதில்லை."

அவர் இறங்கி நிற்க, நான் குனிந்து பிடியைத் தூக்கி இழுத்தேன். கடக், கடக் என்று சீற் முன்னுக்கு வந்தது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. மச்சாள் அழவில்லை. தலையணைகளைப் பின்னால் எறிந்துவிட்டு ஏறி இருந்து, பிரேக்கை அடிவரை இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். பிறகு பாலத்தைக் கடந்தார். அன்றைய தரிப்பிடத்துக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போனோம். மிச்ச இரண்டு நாளும் ஒழுங்காக ஓடினோம். முடிவில் எங்களுக்குக் கீழே ஒரேயொரு வண்டி.

போக நினைப்பவர்களுக்கு: உதிரி ரயர் இரண்டு வேண்டும். பெற்றோல் நிலையம் கண்ட இடத்தில் நிரப்புங்கள். காட்டுக்குள் கைபேசி வேலை செய்யாது. பொழுதுபட்டபின் ஓடாதீர்கள், மூஸ் மான் குறுக்கே வரும்.

இன்னொன்று. வண்டி யாருடையதாகவும் இருக்கட்டும், ஓடப்போகிறவரின் காலுக்குச் சீற்றைச் சரிசெய்துவிட்டு வீட்டு வாசலை விட்டு எடுங்கள். நாங்கள் அதை இரண்டாயிரத்து நானூறு கிலோமீற்றர் பிந்திச் செய்தோம்.